அணைந்த சுருட்டின் ருசி

1

இந்தக் கதை என் அக்கா வீட்டுக்காரரின் மூக்கில் பிறந்தது. அசிங்கமாக இருக்கிறதா? இருக்கட்டும். கதைகள் இதைவிட மோசமான இடங்களில் எல்லாம் பிறந்திருக்கின்றன.

மாமாவுக்கு ஒரு சுருட்டுக் கடையில் ருசி பார்க்கும் வேலை. புதுச் சுருட்டு வந்தால் புகைத்து, குணம் சொல்லி, எந்தப் பானம் அதற்கு ஜோடி என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்வார். சமீபத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.*

"மாப்ள, நீ எழுத்தாளன்தானே? நல்லதா ஏதாவது எழுதிக் குடு. மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார்.

நான் ஜென்மத்தில் சுருட்டை வாயில் வைத்ததில்லை. தெரியாததை எழுத அஞ்சினால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன்.

(* மோப்பம் போனால் ருசி போகுமா என்று கேட்பவர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு வெங்காயம் தின்று பார்க்கவும்.)

2

"கனத்த சுருட்டின் முதல் இழுப்பில் ஈரமண்ணும்..." [மண்ணை யார் தின்று பார்த்தது? அடித்துவிட்டேன்.]

"முதலில் மிளகு. பிறகு, பழைய தோல் நாற்காலி..." [அக்காவிடம் படித்துக் காட்டினேன். "நாற்காலிய நக்கினவன் மாதிரியே எழுதியிருக்கடா" என்றாள். வைத்துக்கொண்டேன்.]

பானம். கனத்த சுருட்டுக்கு முன்னால் வெள்ளை வைன் வாயைத் திறக்காதாம், பீர் வெறும் தண்ணீராகிவிடுமாம். பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்த ரம் வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை போடாத கடுங்காப்பி. ஒன்று எரியும், மற்றது கசக்கும். மாமாவுக்கு இப்போது அவ்வளவுதான் தெரியும். ரம் என்று எழுதினேன். வாக்கியத்தின் ஓசைக்கு அதுதான் பொருந்தியது.

3

முதலாளியைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். அதுதான் பயம்.

"போன ருசிக் கூட்டத்துல ஏதோ உளறிட்டீங்கன்னு சொல்றாங்க. இந்தத் தடவையும் சொதப்பிச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. அக்கா வீட்டு அடுப்பு எரிவது இந்தச் சுருட்டு எரிவதால்தான்.

4

கூட்டம். தோல் சோபாக்கள், ஆளுக்கொரு சுருட்டு. கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கி, மருந்து பாட்டிலில் தேதி தேடுகிறவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். அக்கா ரம் ஊற்றுகிறாள். மாமா வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்க வந்திருக்கிறாள். முதலாளி முன்வரிசை, நான் கடைசி வரிசை.

இவர்களிடம் ஒரு வழக்கம். ருசிப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் மூடினால் எல்லோரும் மூட வேண்டும். திறந்து வைத்திருப்பவன் ரசனை கெட்டவன்.

மாமா மூடினார். மிளகு, நாற்காலி, எல்லாம் அருமையாகப் போனது. என் எழுத்தாயிற்றே!

ஆனால் சுருட்டு பொல்லாதது. இழுக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் அணைந்துவிடும். அணைந்தது. மூக்குள்ளவருக்கு உடனே தெரிந்திருக்கும். மாமா செத்த சுருட்டை ஒரு இழுப்பு இழுத்து, "ஆஹா! இப்பதான் கிராம்பு எழும்புது. இங்க ரம்ம ஒரு வாய் வைங்க" என்றார்.

"கிராம்பு, கிராம்பு" என்று கூட்டம் முனகியது. "லேசா ஏலக்காயும் வருது" என்றார் ஒருவர். அடப்பாவி, அதை நான் எழுதவே இல்லை! அவர் சுருட்டும் அணைந்துதான் கிடந்தது.

முதலாளியின் இமை அசைந்தது.

5

முடிவு ஒன்று: முதலாளி பார்த்துவிடுகிறார், வேலை போகிறது. எழுதினேன். அக்காவின் முகம் வரும் இடத்தில் கை ஓடவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கண்ணைத் திறந்த முதலாளி, தன் சுருட்டும் அணைந்திருப்பதைப் பார்த்து, சத்தமில்லாமல் மறுபடி மூடிக்கொள்கி... [இவ்வளவு விவரமான முதலாளியை நான் பார்த்ததில்லை.]

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால், அக்கா மாமா பக்கத்தில் லைட்டரோடு நிற்கிறாள். தட்டினால் அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். தட்டாவிட்டால் முதலாளி எப்படியும் விழித்து, அணைந்த சுருட்டைப் பார்க்கப் போகிறார். எல்லோர் தலைக்கும் மேலாக என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

"நீதானேடா எழுதற? சீக்கிரம் சொல்லு. பத்த வைக்கவா, வேண்டாமா?"

வாசகரே, இந்த அறையில் கண் திறந்திருப்பது அக்காவும் நானும் நீங்களும்தான். அவளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். நான் மூடிக்கொள்கிறேன்.