ஒரு டேங்க்கில் மூன்று புட்டி மருந்து

வாருங்கள், வாசகர்களே! வெயில் ஏறுமுன் இந்த வீட்டு வாசலில் நடக்கும் அநியாயத்தைக் கண்ணாரக் கண்டு சாட்சி சொல்லுங்கள்.

நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள். அதை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து நிற்பவள் அதன் சொந்தக்காரி. வீடு வீடாகச் சென்று பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது அவள் தொழில். மணிக்கட்டு முறிந்து அவள் ஓய்விலிருந்த காலமெல்லாம் வண்டியும் மூலையில் கிடந்தது. தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டது. வேலைக்குத் திரும்பிய இந்த வாரத்தில் இருமுறை தாமதம். வெறும் வயிற்றோடு காத்திருந்த முதியவர்கள் மயங்கி விழாத குறை. இன்றும் தாமதித்தால் உன் வீடுகளை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று மேற்பார்வையாளர் நேற்றே சொல்லிவிட்டார்.

அவளுக்கு வேண்டியது ஒரு திருப்புளி. அது கிடக்கும் பெட்டியின் சாவியோ கணவனின் இடுப்பில்.

"என்னங்க, சாவியக் குடுங்க. கார்புரேட்டருக்கு அடியில இருக்கற கிண்ணத்தக் கழட்டிக் கழுவினா வேலை முடிஞ்சுது."

"கழட்டிக் கழுவ அது என்ன பால் பாத்திரமா? அதான் டேங்க்ல அடைப்பெடுக்கற மருந்து ஊத்திருக்கேன்ல. தானா கரைக்கும். பொறுமையா இரு."

"வாரம் பூரா பொறுமையாத்தான் இருந்தேன். அடைச்ச ஓட்டை வழியா உங்க மருந்து எப்படிங்க உள்ள போகும்?"

கேட்டீர்களா கேள்வியை? கணவன் வாயை அகலத் திறந்தான். வந்தது ஒரு கொட்டாவிதான்.

அவன் அண்ணன் பல் துலக்கியபடியே வெளியே வந்தான். "என்னடா, இன்னுமா கிளம்பல? நான் ஊத்தினதுக்குப் பறக்கணுமே!"

"நீ எப்ப ஊத்தின?"

"நேத்து. முழு பாட்டில். தம்பி பொண்டாட்டி கஷ்டப்படறாளேன்னு மனசு கேக்கல."

உள்ளே நாற்காலியிலிருந்து மாமனார் அலறினார்: "அடப்பாவிகளா, சொல்லித் தொலைக்கக் கூடாதா? நானும்ல ஊத்தினேன்!"

முழு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு புட்டி என்று லேபிள் சொல்கிறது. டேங்க்கில் இருந்ததோ அடியில் சிறிது. அதில் மூன்று புட்டி! மருந்தை நான் பழிக்கவில்லை. ஓடுகிற வண்டியில் அளவோடு ஊற்றினால் அது அழுக்கைக் கரைக்கும். இங்கோ டேங்க் சுவரில் ஒட்டிக் கிடந்த துருவையெல்லாம் உரித்து, அடைபட்ட இடத்துக்கே அனுப்பி வைத்தது. நேற்றுவரை சோக்கை இழுத்தாலாவது உறுமிய வண்டி, இன்று இருமக்கூட இல்லை. நல்ல பெயர் வாங்க ஆளுக்கொரு புட்டியை ஒளித்து ஊற்றினார்களே, ஒருவராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கைப்பேசி அடித்தது. முதல் வீட்டு முதியவர். "ஏம்மா, ஒரு வாய் காப்பியாவது குடிச்சிக்கட்டா?"

"குடிச்சிராதீங்கய்யா! இதோ வந்துட்டேன்."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. கணவனின் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள், பெட்டியைத் திறந்தாள். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி டேங்க்கைப் பழைய வாளியில் வடித்தாள். கிண்ணத்தைக் கழற்றியதும் செம்மண் குழம்பாய்ச் சேறு வழிந்தது.

"மூணு பேரு மருந்தும் சேர்ந்து செஞ்ச வேலைங்க. நல்லாப் பாத்துக்கங்க."

உள்ளிருந்து பெட்ரோல் போகும் சின்னஞ்சிறு பித்தளைத் திருகாணியை எடுத்தாள். அதன் நடுத்துளை தலைமயிர் நுழையவே தயங்கும் அளவு.

"கம்பியால குத்தும்மா! ஊக்கு கொண்டு வரட்டா?" அண்ணன் துள்ளினான்.

"குத்தினா ஓட்டை பெருசாயிரும் அத்தான். செத்த சும்மா நில்லுங்க."

தன் பையிலிருந்து புதிய சிரிஞ்ச் ஒன்றை உறை பிரித்து எடுத்தாள். நேற்று மாலை கேனில் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்ரோலை அதில் உறிஞ்சி, துளையில் வைத்து அழுத்தினாள். முட்டியது. மீண்டும் அழுத்தினாள். மெல்லிய நூல்போல் நேராகப் பீறிட்டது. நரம்பு கிடைக்காத கைகளில் நாள்தோறும் நரம்பைத் தேடிப் பழகிய விரல்களுக்கு இது ஒரு வேலையா? கழற்றியதெல்லாம் கழுவி மாட்டி, மீதிப் பெட்ரோலை ஊற்றி உதைத்தாள். உறுமியது. சோக்கை விட்டாள். அணையவில்லை!

கணவன் கைதட்டினான். "பாத்தியா! மருந்து கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்னு சொன்னேன்ல?"

"உன் மருந்தா? என் பாட்டில்டா அது!"

"சண்டை வேண்டாம்," என்றார் மாமனார். "இன்னொண்ணு வாங்கி வைங்க. மறுபடி அடைச்சா ஆகும்."

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். பெட்டிச் சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டாள். "டேங்க் மூடிய யாராவது தொட்டீங்க, அடுத்த ஊசி உங்களுக்குத்தான்."

முதியவரின் உதடு காப்பியைத் தொடுமுன் அவள் போய்ச் சேர்ந்தாள். வேலையும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் மாலையில் அந்த மூவரும் தனித்தனியே கடைக்குப் போய் நின்றார்கள், வாசகர்களே! மூவர் கையிலும் ஆளுக்கொரு புட்டி!

சாட்சி சொல்லிவிட்டுக் கலைந்து போகாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி பூட்டிக் கிடக்கிறது. இன்றே அதைத் திறங்கள். சாவியை வண்டி ஓட்டுகிறவள் கையில் கொடுங்கள். புட்டியின் மூடியைத் திருகுமுன் அவளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் கீழே வையுங்கள்!