வசந்தா வீட்டுக் கொல்லைக்கதவு

காலையும் மாலையும் வசந்தா குடத்தோடு உள்ளே நுழையும்போதெல்லாம் தனக்கொடிக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவள். தனக்கொடி வீட்டு வாசல் வழியாக வந்து, அடுப்பங்கரை ஓரமாகக் கொல்லைக்குப் போய், கிணற்றில் இறைத்துக்கொண்டு அதே வழியில் திரும்புவாள். போகும்போது ஏதாவது சொல்லலாமென்றால் புருஷன் மணவாளன் பக்கத்திலேயே நிற்பான். திரும்பும்போதோ இடுப்பில் நிறைகுடம். நிறைகுடத்துக்கு எதிரே நின்று வைதால் குடும்பத்துக்கு ஆகாது. வாய்வரை வந்த வசவையெல்லாம் விழுங்கியே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லியனூரில் சேதுராமனுக்குச் சொந்தமான நாலு வீட்டு வரிசை அது. கொல்லையில் எல்லாருக்கும் ஒரே கிணறு. சேதுராமனின் அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீர் கிணற்றோரம் தேங்கி, குடிக்கிற தண்ணீர் நாறியது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். தையல் வகுப்பு நடத்தி அம்மாவைக் காப்பாற்றும் வசந்தா மட்டும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வந்து ஆலைத் தண்ணீர் ஓடும் கால்வாயைத் திருப்ப வைத்தார்கள். அடுத்த வாரமே சேதுராமன் அனுப்பிய கொத்தனார் வந்து வசந்தா வீட்டுக் கொல்லைக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

மணவாளன்தான் தன் வீட்டு வழியாக வந்து மொண்டுகொள்ளச் சொன்னான். அதோடு விட்டானா? குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தும் விட்டான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தனக்கொடியின் குடத்தை அவன் தொட்டதில்லை. கேட்டதற்கு, "உனக்கு இன்னாடி, நீ பயில்வானாச்சே" என்று சிரித்தான்.

துணி மில்லு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் காலிக்குடம் எதிரே வருகிறதே, ஆகுமா என்று சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவன், வசந்தா மொண்டுகொண்டு திரும்பும்வரை காத்திருந்து, நிறைகுடத்தைப் பார்த்த பிறகே சைக்கிளை எடுத்தான்.

வசந்தா பாண்டியில் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டாள். அதிகாரி நேரில் பார்க்க வருவதற்கு முதல் நாள், மணவாளன் இல்லாத சமயம் பார்த்து சேதுராமன் வந்தார்.

"வயசுப் பொண்ணு இருக்கிற வூடு, பயமா இருக்குது, கதவை அடைச்சிடுங்கன்னு அவளே கேட்டான்னு சொல்லும்மா. கேஸ் நிக்காது. அவளைக் காலி பண்ண வெச்சிடறேன்."

தனக்கொடிக்கு வெல்லம் சாப்பிட்டது போலிருந்தது. மாவாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் அந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

மறுநாள் மற்ற இரண்டு வீட்டாரும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். அதிகாரி தனக்கொடி பக்கம் திரும்பினார். வசந்தாவும் பார்த்தாள்.

"அந்தம்மா கேட்டுத்தான் அடைச்சாங்கன்னா, சுவரு இப்படியே இருக்குமுங்களா?" என்று கேட்டாள் தனக்கொடி.

"கேட்டிருந்தா இருக்கும்."

"அந்தம்மாவைக் காலி பண்ண வைக்க எத்தினி நாளாவுங்க?"

அதற்குத் தனி வழக்கு, வருஷம் ஒன்றோ இரண்டோ ஆகலாம் என்றார் அவர்.

இரண்டு வருஷம். காலையும் மாலையும், தன் அடுப்பங்கரை ஓரமாக, அந்த இடுப்பும் அந்தக் குடமும்!

"அந்தம்மா கேக்கவே இல்லீங்க" என்றாள் தனக்கொடி. "ஆபீசுல எழுதிக் குடுத்த கோவத்துல இவருதான் அடைச்சாரு. என்னையும் பொய் சொல்லச் சொன்னாரு. இன்னிக்கே இடிக்கச் சொல்லுங்க."

குடியிருப்பவரின் தண்ணீரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, புகார் செய்தார், சாட்சி சொன்னார் என்று யாரையும் வெளியேற்றவும் முடியாது என்று அதிகாரி சேதுராமனிடம் கண்டிப்பாகச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் செங்கல் இறங்கியது. வசந்தா கண் கலங்கி தனக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உதறவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தனக்கொடி நின்றாள்.

மாதம் பிறந்ததும் சேதுராமனின் கணக்குப்பிள்ளை வந்து, தனக்கொடி குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். அவர் தலை மறைந்ததும் மணவாளன் சட்டையை மாட்டினான்.

"வசந்தாகிட்ட ஒரு மனு எழுதி வாங்கியாரேன்."

"நீங்க உக்காருங்க. நான் போறேன்."

கொல்லை வழியாகப் போய், புதிதாகத் திறந்த கதவைத் தட்டினாள். வசந்தா காகிதத்தை விரித்து உட்கார்ந்தாள்.

"வாடகை ரசீது அவரு பேருலதானே? அவரு பேரு, மண..."

கல்யாணமான நாள் முதல் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள் தனக்கொடி. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் சொல்ல வைப்பாள்.

"மணவாளன்" என்றாள் சட்டென்று, தெருவுக்கே கேட்கும்படி. "என் வூட்டுக்காரரு. எழுதிக்க."