குலுங்காமல் இறங்கிய லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கோபித்துக்கொண்டு போனது வெகு தூரமில்லை. அதே தெருவில் அண்ணன் வீட்டுக்கு, ஒன்பதாவது மாடிக்கு. போனவள் இறங்கவே இல்லை. படியிறங்க முழங்கால் விடாது. லிஃப்டோ கிளம்பும்போது கயிறறுத்த கன்றாகத் துள்ளும். ஏறிய அன்று அவள் போட்ட கூச்சலில் மொட்டைமாடிப் புறாக்கள் ஊரையே காலி செய்துவிட்டன.

சண்டைக்குக் காரணம் அவர் வாய்தான். திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

வீடு வெறிச்சோடிவிட்டது. அவள் தலையணையில் இருந்த பள்ளம் கலைந்துவிடுமே என்று மனிதர் தரையில் படுத்தார்.

மச்சான் போனில் குத்தினார்: "ஊர் லிஃப்டெல்லாம் பாக்கறீங்க மாப்ள, பொண்டாட்டி ஏற ஒரு லிஃப்ட் இல்லியே."

சுருக்கென்றது. மச்சான் குடியிருந்த கட்டடத்துக்காரர்களை நச்சரித்து ஒரு டிரைவ் பெட்டி வாங்கவைத்தார். இதுவரை மின்சாரம் மொத்தமாக மோட்டாரின் முதுகில் அறைந்தது. இனி வேகம் சிறுகச் சிறுகக் கூடும். லிஃப்ட் தரையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஏறி இறங்கினார். சிந்தினால் இன்னும் பதமாக்கினார். அவர் திருப்திப்படுவதற்குள் டம்ளரே கிழடாகிவிட்டது.

மச்சான் மூலம் சொல்லியனுப்பினார். ஒன்பதாவது மாடியில் அவள் வெறுங்காலோடு லிஃப்டுக்குள் வந்தாள். சும்மா நின்று பார்ப்பாளாம், நகர்ந்தால் உடனே வெளியேறிவிடுவாளாம். அவர் பொத்தானை அழுத்தினார்.

இளைத்துவிட்டீர்களே, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். இது எப்போதுதான் கிளம்பும் என்றாள். அவர் ஒன்பது மாடிக்குப் பதில் தொண்ணூறு இருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

கதவு திறந்தது. எதிரே தெரு.

திகைத்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரே ஒரு நல்ல வார்த்தை போதும்.

அவர் வெளியே இறங்கி நின்று, "சரி, வீட்டுக்கு நட," என்றார்.

சிரிப்பு நின்றது. "மோட்டாருக்கு மட்டும் இவ்வளவு பதமா சொல்லிக் குடுத்திருக்கீங்க." ஒன்பதை அழுத்தினாள். "செருப்பு மேல இருக்கு."

சத்தமில்லாமல், ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் லிஃப்ட் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு முறை இடறி நின்றிருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பார். பாழாய்ப்போன வேலையை அத்தனை சுத்தமாகச் செய்திருந்தார்.

எண் ஒன்பதில் நின்றது. மூடிய கதவைப் பார்த்து, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்று சொல்லிப் பார்த்தார். முதல் எழுத்தே முரட்டுத்தனமாக விழுந்தது. பொத்தானைத் தொடாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.