சம்பந்தி கேட்ட சுடுதண்ணீர்

என் மகள் எழிலரசியின் கல்யாண வரவேற்பில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு அன்று சாயங்காலம், காரிமங்கலத்து மண்டபத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

“அண்ணி, நீங்க முன்வரிசையில உக்காந்து வர்றவங்களப் பாத்துச் சிரிச்சாப் போதும். பந்திய நான் பாத்துக்கறேன்” என்றாள் நாத்தனார் சசிகலா. சொல்லிக்கொண்டே என் தலைப்பூவை இழுத்துக் காதுக்கு மேல் விட்டாள். காதில் ஆரஞ்சு நிறத்தில் இயர் பிளக் இருந்தது. “இதயும் கழட்டிருங்க. நாளைக்குக் காலையில தாலி ஏறுற வரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தொப்பூர் கணவாயில் டிபன் கடை நடத்துகிறவள் நான். தினமும் இருநூறு பேர் என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லையாம்!

அந்தக் கடைதான் எனக்கு இந்தச் சத்தத்தையும் கொடுத்தது. இறக்கத்தில் வருகிற ஒவ்வொரு லாரியும் என் அடுப்புக்கு நேராக வந்துதான் ஹாரன் அடிக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் கீ என்று கேட்டது. இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று பார்த்தேன். அடுப்பில் குக்கர் மாதிரி அது பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, இறக்கி வைக்கத்தான் ஆளில்லை. தர்மபுரியில் காது டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, “இத நிறுத்த மாத்திரை கிடையாதும்மா, பழகிக்கலாம். பெரிய சத்தம் இருக்கற எடத்துல மட்டும் இத வெச்சிக்கிங்க” என்று பிளக்கைக் கொடுத்தார். தனியாக ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நன்றாகவே கேட்கும். கூட்டத்தில்தான் வம்பு. அத்தனை பேர் பேச்சும் அந்தக் கீயோடு கலந்து கூழாகிவிடும். உதடு அசைவது தெரியும், வார்த்தை வந்து சேராது.

நிச்சயதார்த்தம் அன்றைக்கு அதுதான் நடந்தது. எங்கள் வீட்டு வாசலில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. நான் வடை வாளியோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாள் சுடுதண்ணீர் வேண்டும் என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் பொதுவாகச் சிரித்துவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டேன். அவர்கள் தங்கள் ஊரான பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பி வந்துவிட்டது. ‘பொண்ணோட அம்மாவுக்கு மண்டக்கனம் ஜாஸ்தி.’

அன்றைக்கே போனைப் போட்டு உள்ளதைச் சொல்லப் போனேன். என் வீட்டுக்காரர் முனிராஜ் போனைப் பிடுங்கிக்கொண்டார். “காதுக் கோளாறுன்னு சொன்னா, பொண்ணுக்கும் வரும்னு சம்பந்தத்தையே முறிச்சிருவாங்க. திமிருன்னு நெனச்சிட்டுப் போறாங்க, விடு. திமிருக்காவ எவனும் பொண்ண வேணாங்கறதில்ல” என்றார். மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதம் திமிர் பிடித்தவள் என்ற பேரோடு இருந்தேன். நாளைக்கு என் பெண் அந்த வீட்டுக்குள் போகும்போது, திமிர் பிடித்தவள் பெற்ற பெண் என்றுதானே பார்ப்பார்கள்? அந்த நினைப்பு என்னைத் தின்றுகொண்டே இருந்தது.

சசிகலாவின் கையைத் தட்டிவிட்டு நேராக மணமகள் அறைக்குப் போனேன். எழிலரசிக்குக் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“எழிலு, என் காதப் பத்தி இன்னிக்கு அவங்க கிட்ட சொல்லப் போறேன். கல்யாணம் நின்னாலும் நிக்கும். உன்னக் கேக்காம செய்ய மாட்டேன்.”

அவள் கண்ணாடியை விட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். என்னிடம் பேசும்போது அவள் எப்போதும் அப்படித்தான்.

“உன் காதப் பாத்து நிக்கற கல்யாணம் எனக்கு எதுக்கும்மா? போய்ச் சொல்லு. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.” அவள் கண் கலங்கியதும் மை போடுகிற பெண் பதறினாள். “அழுவாத, மூணாயிரம் ரூவா மேக்கப்பு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தலைப்பூவைப் பின்னால் தள்ளி ஊக்கு குத்தினேன். பிளக் இரண்டும் பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும்.

கீழே பந்திக்கூடத்தில் முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார்தான். முதல் இலையில் பெரியம்மாள், பக்கத்தில் அவருடைய தம்பி மாதவராஜ். மேலே பாடுகிற இசைக்குழு சாப்பிடுகிறவர்களும் கேட்கட்டும் என்று பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கூடத்தின் மூலையில் நிறுத்தியிருந்தது. அடிக்கிற அடியில் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில்கள் ஆடின. பரிமாறுகிறவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் நேராக மூலைக்குப் போய் ஒயரைப் பிடுங்கினேன்.

கூடம் கப்பென்று அடங்கியது. எல்லாத் தலையும் திரும்பியது. இசைக்குழுப் பையன் ஒருவன் படியில் தடதடவென்று இறங்கி வந்து, “யாருங்க புடுங்கினது?” என்றான்.

“நான்தான். பந்தியில பாட்டு எதுக்கு? சோறு திங்கறதா, ஆடறதா? மேல போய்ப் பாடு சாமி, யாரு வேணாங்கறா!”

சசிகலா ஓடி வந்தாள். முனிராஜ் அவளுக்குப் பின்னால் வந்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பெரியம்மாளின் இலைக்கு எதிரில் போய் நின்று, மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தேன்.

“சம்பந்தியம்மா, எனக்குக் காதுக்குள்ள எந்நேரமும் சத்தம் கேக்குதுங்க. மூணு வருசமா இருக்குது. கூட்டத்துல யாராச்சும் கூப்பிட்டா வெளங்காது. உங்க கிட்ட மறைச்சிட்டோம், தப்புதான். நாளைக்குக் காலையில தாலி கட்டறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்.”

மாதவராஜ் சாம்பாரில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார். “இது பரம்பரையா வர்றதாம்மா?”

“லாரி ஹாரன்ல வந்ததுங்க. எங்க வம்சத்துல யாரும் லாரியா பொறக்கல. டாக்டர் சீட்டு எல்லாம் வூட்ல இருக்குது, கொண்டு வரச் சொல்லட்டுங்களா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பெரியம்மாள் சிரிக்கவில்லை. என் காதில் இருந்த ஆரஞ்சையே பார்த்தார். இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை அவர். இலையை விட்டு எழுந்தால் முடிந்தது, பென்னாகரத்துக்காரர்கள் அத்தனை பேரும் கூடவே எழுந்துவிடுவார்கள். மேஜை மேல் கையை இன்னும் அழுத்தி ஊன்றினேன்.

“அன்னிக்கு மூணு தரம் கூப்பிட்டேன்” என்றார். குரலைக் கேட்டேனா, உதட்டைப் படித்தேனா, தெரியவில்லை.

“முப்பது தரம் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காதுங்க.”

“திமிருன்னு நெனச்சேன்.”

“திமிரும் இருக்குதுங்க, இல்லன்னு சொல்லல. அன்னிக்குப் பண்ணது திமிருல இல்ல.”

மேலே மாடியில் மேளம் அதிர்ந்தது. வாசல் பக்கம் அடுத்த பந்திக்குக் காத்திருந்த கூட்டம் விஷயம் புரியாமல் மறுபடி சளசளவென்று பேச ஆரம்பித்தது. பெரியம்மாளின் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போதும் சிரித்து மழுப்பியிருக்கலாம். மூன்று வருஷமாகச் செய்த வேலைதானே.

“கேக்கலிங்க” என்றேன் சத்தமாக. “கையால காட்டுங்க. எங்க கடையில டிரைவருங்க எல்லாம் அப்பிடித்தான். ரெண்டு வெரலக் காட்டினா ரெண்டு தோசை, கைய விரிச்சி மேல காட்டினா போதும்னு அர்த்தம். அதுல நான் இதுவரைக்கும் தப்பே பண்ணினதில்லைங்க.”

பெரியம்மாள் இடது கையைத் தூக்கினார். கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்தார். பிறகு அதே கையை இலைக்கு மேலே வைத்து, விரல்களை ஆவி போகிற மாதிரி நெளிய விட்டார்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. சமையல்கட்டுக்கு நானே ஓடினேன். டம்ளர் சுட்டது, முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் ஊதிக் குடித்தார். இரண்டாவது வாயும் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

“என்னடா பாத்துட்டு இருக்கற? சாம்பார் ஆறுது, தின்னு” என்று தம்பியை ஒரு அதட்டு அதட்டினார். அது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

முனிராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். சசிகலாவிடம் நான் கையை நீட்டினேன். சாம்பார் வாளியை என்னிடம் கொடுத்தாள்.

வரிசையில் நடந்தேன். ஒருவர் உள்ளங்கையை இலைக்கு மேல் விரித்தார், போதும். ஒரு கிழவர் விரல் நுனியைக் கூட்டிக் காட்டினார், கொஞ்சம் மட்டும். மாதவராஜ் என் முகத்துக்கு நேராகப் பார்த்து, சோற்றின் நடுவில் பெரிதாகக் குழி பறித்துக் காட்டினார். குழி நிறைய ஊற்றினேன்.

காதுக்குள் அது கத்திக்கொண்டுதான் இருந்தது. கத்தட்டும், எனக்கு இன்னும் ஐந்து பந்தி இருந்தது.