கத்பர்ட் மகன் கத்பர்ட்

இங்கிலாந்தின் டர்ஹம் ஊர்ச் சுரங்கத்தில் கரி வெட்டும் கத்பர்ட் டீஸ்டேலின் வம்சத்தில் தலைப்பிள்ளை ஆண் என்றால் பெயர் கத்பர்ட்தான். புகழால் ஒளிர்பவன் என்று அர்த்தம். அந்தப் பெயர் கொண்ட துறவியின் கல்லறை ஊர்ப் பேராலயத்தில் இருக்கிறது. டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் சாய்ந்ததும் கப்பற்படையை நடத்திய அட்மிரல் காலிங்வுட்டும் ஒரு கத்பர்ட். இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நம் ஆள் லேசில் நிறுத்த மாட்டான்.

1917இல், முதல் உலகப் போரின் நடுவே, அந்தப் பெருமைக்குக் கேடு வந்தது. போருக்குப் போகாமல் பதுங்குகிறவனை 'கத்பர்ட்' என்று கேலி செய்யத் தொடங்கினார்கள். கரி வெட்டுகிறவர்களைச் சுரங்கத்தில் நிறுத்தி வைத்ததே அரசாங்கம்தான். கேலி பேசுகிற வாய்க்கு அதெல்லாம் எதற்கு? மகனைப் போர்முனைக்கு அனுப்பியிருந்த துணிக்கடை ஹெஸ்லப் அம்மாள், நடுச்சந்தையில் கத்பர்ட்டின் சட்டையில் ஒரு வெள்ளை இறகைச் செருகிவிட்டாள். கோழைக்குக் கொடுக்கும் பட்டம் அது.

அந்த வருஷம் பார்த்துத்தானா மகன் பிறக்க வேண்டும்!

"ஜார்ஜ்னு வைப்போம்யா," என்றாள் மனைவி பெல்லா.

"துறவி பேருடி. அட்மிரல் பேரு."

"அவங்களா கடைக்குப் போறாங்க? நான்ல போறேன்! பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய ஓட ஓட விரட்டுவானுங்க."

கத்பர்ட் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றான்.

ஊர் வழக்கப்படி, ஞானஸ்நானத்துக்குப் போகும் வழியில், ஆண்பிள்ளை என்றால் எதிரே வரும் முதல் பெண்ணிடம் கேக்குப் பொட்டலம் கொடுக்க வேண்டும். அவள் பிள்ளையை வாழ்த்த வேண்டும். ஆள் பார்த்துக் கொடுக்கக் கூடாது. தெருமுனையில் திரும்பினார்கள். எதிரே வந்தது ஹெஸ்லப் அம்மாள்.

"புள்ள பேரு என்ன?" என்றாள்.

கத்பர்ட் தரையைப் பார்த்தான். "ஜா..." என்று முனகினான். சுரங்கம் சரிந்த அன்றுகூடத் தலைநிமிர்ந்து வெளியே வந்த மனுஷன்! பெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்பர்ட்! அவங்க அப்பன் பேரு. உங்க மகன் சுடுற குண்டு, இவரு வெட்டுற கரியில உருக்குன இரும்பும்மா. கேக்கைப் பிடிங்க. வாழ்த்துங்க."

ஹெஸ்லப் அம்மாளின் முகம் சிவந்துபோயிற்று. பொட்டலத்தை மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டாள்.

"நல்லாயிருப்பா... கத்பர்ட்," என்றாள், பிள்ளையைப் பார்த்து.

கோயிலில் குருவானவர் பெயரைக் கேட்டபோது அப்பன்காரன் நிமிர்ந்து பெல்லாவைப் பார்த்தான். பெல்லாதான் சொன்னாள், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.