கயிறு பிடிக்கிறவள்

மார்செல் மோசமான ஆள் இல்லை. போகப் போக அவனைத் திட்டத்தான் போகிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லைன்மேன் குழுவுக்கு அவன்தான் ஃபோர்மேன். கபுஸ்கேசிங் ஊருக்கு வடக்கே, வண்டி போகாத சதுப்பில், இன்றைக்கும் காலில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டுதான் கம்பம் ஏறுகிறோம். மேலே ஒருவர், கீழே கயிறு பிடிக்க ஒருவர். சாமானெல்லாம் அந்தக் கயிற்றில்தான் மேலே போகும். மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவரும் அதே கயிற்றில்தான் கீழே வரவேண்டும்.

மார்செல் ஏறினால் கீழே டார்லீன்தான் நிற்பாள். வேறு யாரையும் விடமாட்டான். அவனோ வாரம் முழுக்க ஏறுகிறவன்.

டார்லீன் மர ஆலையை இழுத்து மூடியதும் எங்களிடம் பயிற்சிக்கு வந்தவள். குளிர்காலம் முடிவதற்குள் கம்பத்தின் மேல் போதுமான மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சி ரத்து, வேலையும் போச்சு. எங்கள் ஊரில் வேறு வேலைக்கு எங்கே போவது? அவளோ கீழே நின்று நின்று கால் மரத்ததுதான் மிச்சம்.

"என்னக் கண்டாலே அந்தாளுக்கு ஆகல, ஆர்னி," என்பாள் என்னிடம். "உங்ககிட்ட எல்லாம் ஹாக்கி பேசறான். என்கிட்ட மட்டும் 'கயிறு'ன்னு ஒரே வார்த்தை. நாய்கிட்டகூட ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுவாங்க."

"அவன் சுபாவம் அப்படி."

"சுபாவமாம்! பொம்பள ஏறினா கம்பம் சாஞ்சிடும்னு நெனப்பு."

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் அவளுக்குக் குற்றமாகத்தான் பட்டது. ஒரு நாள் தன்னுடைய நல்ல கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். "என் கை லாயக்கில்லன்னு குத்திக்காட்டறான்," என்றாள். காலையில் வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். இந்த மடையன் அதைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு என்னப் புடிக்கல போல," என்று என்னிடம் முனகினான். போய்க் கேட்டுத் தொலையேன்டா என்றேன். கேட்கவில்லை.

குளிர்காலக் கடைசியில் பனிமழை பெய்து கம்பிகள் அறுந்தன. சதுப்புக்கு அப்பால் இரண்டு கிராமங்கள் இருட்டில், குளிரில் கிடந்தன. அன்று காலையில்தான் அலுவலகத்திலிருந்து டார்லீனைக் கூப்பிட்டு, பயிற்சி ரத்து என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கயிறு என் கையில்.

மார்செல் காலில் முள்ளைக் கட்டினான், கம்பத்தில் கை வைத்தான், அப்படியே நின்றான்.

"என்னடா, வேர் விட்டுட்டியா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அந்தக் குளிரிலும் முகம் வேர்த்திருந்தது.

அப்போதுதான் டார்லீன் பனியில் கால் புதையப் புதைய வந்தாள். தலைக்கவசத்தை அவன் காலடியில் எறிந்தாள்.

"இப்ப திருப்தியா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டாச்சு! அப்படி என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

அவன் கம்பத்தையே பார்த்தபடி பேசினான்.

"நீ வர்றதுக்கு முன்னாடி, ஒரு தடவ மேல மயங்கித் தொங்கினேன். கீழ நின்னவன் திரும்பிக்கிட்டு சிகரெட் பத்தவெச்சிட்டிருந்தான். நீ ஒரு நாளும் என்மேல இருந்து கண்ண எடுத்ததில்ல. நீ கீழ நின்னாத்தான் எனக்குக் கால் மேல போகுது."

எனக்குச் சுருக்கென்றது. இப்போது கயிறு என் கையில்தானே இருந்தது, என்னை நம்பி அவன் ஏறவில்லை!

"இத ஒரு நாள் சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஃபோர்மேன் பயப்படறான்னு எந்த வாயால சொல்றது?"

"உங்க பயத்துக்கு என் வேலதான் கெடச்சுதா?" அவள் குரல் உடைந்தது. "வெறுக்கறீங்கன்னே முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா... நானும் கேக்கலியே!"

பனியில் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் பேசிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். பேசி முடிந்துவிட்டது என்று கையசைத்தாள். கிராமங்களின் பக்கம் ஒரு விளக்குகூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள். வேலையில் இல்லாதவள் அதைத் தொடவே கூடாது. நான் ஒதுங்கி நின்றேன்.

"ஏறுங்க," என்றாள்.

மார்செல் ஏறினான்.

வேலை முடியும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கயிற்றை விட வேண்டும். அவள் விடவில்லை.

அவன் இறங்கி வந்ததும் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி அவன் தோளில் மாட்டினாள்.

"நாளைக்கு யாரப் புடிக்கச் சொல்வீங்க?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.