சும்மா பில்

நாற்பத்தொரு கடைகளையும் பழைய கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை தன் தலையில் விழுந்தபோது அக்கா பயப்படவே இல்லை. பயந்திருக்க வேண்டும். ஆனால் பதினொரு வருடத்துக்கு முன்னால் தானே வெட்டி வைத்த குழி ஒன்று வழியில் கிடக்கிறது என்று அவள் கனவா கண்டாள்?

அக்கா என்றால் யாருக்கும் கூடப்பிறந்த அக்கா இல்லை. சாஃப்ட்வேர் விற்கிற ஒரு சின்ன அலுவலகத்தில், உதவி கேட்டு வருகிற போன்களை எடுப்பவள். அறுபது வயது மொத்த வியாபாரிகூட, பில் வராமல் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் "அக்கா, காப்பாத்துங்க" என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நாற்பத்து நாலு வயதில் கடைத்தெருவுக்கே அக்கா ஆவதும் ஒரு கொடுப்பினைதானே.

விஷயம் இதுதான். மாதக் கடைசியோடு பழைய சாஃப்ட்வேர் திறக்காது. அதற்குள் கடைக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, எந்தப் பட்டன் எங்கே போயிற்று என்று காட்டி, ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி, கணக்கை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவர்களைத் தயார் செய்வதற்கு முன்னால் நாம் தயாராவோம் என்று, மருந்துக்கடை அம்மாவின் கணக்கை நகல் எடுத்து, ஒரு புதன்கிழமை காலையில் அக்கா மாற்றிப் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் நின்றது. 'தொகை இல்லாத பில்லை ஏற்க முடியாது' என்று சிவப்பில் ஒரு வரி. அந்தப் பில்லை ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். அடுத்த நாள் தேதியில் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. தினமும் கடை திறந்தவுடன், 'காத்து' என்று பெயர் கொண்ட ஒரு வாடிக்கையாளருக்கு, பூஜ்ஜியத்துக்கு ஒரு பில்!

அதைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காலையில் போடுகிற முதல் பில் பிரிண்டருக்குப் போகாமல் அப்படியே உறைந்துவிடும் என்று ஒரு கோளாறு. கடைக்கடையாக போன். பெயிண்ட்காரர்தான் முதலில் கூப்பிட்டார். கவுண்டருக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள், கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போடப் போகிறேன் என்று கத்தினார். அக்காவுக்கும் ஒன்றும் புரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: "அண்ணே, ஏதாவது ஒரு பேர்ல, சைபருக்கு, சும்மா ஒரு பில் போட்டு கேன்சல் பண்ணிட்டு, அப்புறமா நிஜ பில்லைப் போட்டுப் பாருங்க." குருட்டாம்போக்கில் சொன்னது, வேலை செய்துவிட்டது. அன்று மாலைக்குள் எல்லாக் கடைக்கும் அதையே சொன்னாள். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினாள்.

இரண்டு மாதத்தில் கம்பெனியே கோளாறைச் சரி செய்து அனுப்பியது. அக்கா எல்லாக் கடையிலும் அதைப் போட்டும் விட்டாள். இனிமேல் சும்மா பில் வேண்டாம், நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்ல மறந்துபோனாள். சொன்னால்தானே நிறுத்துவார்கள்? கடைக்காரர்கள், பாவம், பதினொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல்லாவைத் தொடுவதற்கு முன் சும்மா பில். அது இல்லாவிட்டால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது என்று நம்புகிற அளவுக்கு வந்துவிட்டது.

இன்னும் நாலைந்து கடைக்குப் போன் போட்டு விசாரித்தாள், எல்லா இடத்திலும் அதே கதை. இதை முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அதாவது, பாதியைச் சொன்னாள். எல்லாக் கடையிலும் பூஜ்ஜிய பில் இருக்கிறது என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பார்த்தீங்களா? கஸ்டமருங்க கண்டதையும் போட்டு வெச்சிருக்காங்க. சுத்தம் பண்ணித் தர்றதுக்குத் தனியா சார்ஜ் போட்டுடுவோம். சனிக்கிழமை மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்கம்மா. நீங்க சொன்னா மறுபேச்சு பேச மாட்டாங்க."

எப்படி இருக்கிறது கதை? தப்பு செய்தவளே தண்டம் வசூலிக்கப் போக வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே புருஷனிடம் கொட்டினாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வாயில் விழுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்பான ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டு அதுக்கும் டிக்கெட் கேட்டா அடிக்க வருவாங்கடி" என்றார்.

"வேலை போயிடுமேங்க."

"போகலாம். நீ சொல்லாம விட்டா, நாளைக்கு அந்த ஆளுங்க போன் பண்றப்போ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எடுப்ப?"

அதுதான் அவளைத் தைத்தது. வேலை இல்லாவிட்டால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். நாற்பத்தொரு பேர் அக்கா என்று கூப்பிடுவதை எங்கே போய்த் தேடுவது?

சனிக்கிழமை மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எல்லோரும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் பெயிண்ட்காரர், வெள்ளைச் சட்டையில், கைகளைக் கட்டிக்கொண்டு. அந்தக் கடைத்தெருவில் அவர் தும்மினால் பத்துக் கடைக்குச் சளி பிடிக்கும். அவர் வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் பாதிப் பேர் பின்னாலேயே போய்விடுவார்கள். கேட்டுப்பார்க்க ஒரு போட்டிக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே இரண்டு தடவை அவர் கடைக்கு வந்துபோயிருந்தான்.

அக்கா முக்கால் மணி நேரம் திரையில் காட்டினாள். பில் எங்கே, இருப்பு எங்கே, வரி எங்கே. டைல்ஸ்காரர் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார், மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னாள். பிறகு சுத்தம் செய்கிற விஷயத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் முதலாளி, சார்ஜ் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லுங்க சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன!

"தினமும் காலைல ஒரு சும்மா பில் போடறீங்க இல்லையா," என்றாள். "அது இருந்தா புதுசுக்கு மாறாது. அதை எடுத்தாகணும். அது உங்க தப்பு இல்ல. நான்தான் போடச் சொன்னேன். ரெண்டே மாசத்துல அது தேவையில்லாம போச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல மறந்துட்டேன். பதினோரு வருஷமா உங்களை வெட்டி வேலை பார்க்க வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க. நானே வந்து எடுத்துத் தர்றேன், காசு எதுவும் வேண்டாம்."

முதலாளியின் மடியிலிருந்து பட்டியல் நழுவிக் கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவும் இல்லை.

முதலில் சிரித்தது மருந்துக்கடை அம்மா. "அடிப்பாவி! காய்ச்சல்ல படுத்திருந்தப்போகூட மருமகளுக்குப் போன் பண்ணி, காத்துக்கு பில் போட்டியான்னு கேட்டேனே!"

அவ்வளவுதான், ஹாலே குலுங்கியது. ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். டைல்ஸ்காரர் தன் மச்சான் பெயரில் போடுகிறாராம், அவனும் ஒன்றும் வாங்காமல் கடைக்கு வந்துபோகிறவன்தானே என்றார். துணிக்கடைக்காரர் 'ஆவி' என்று வைத்திருந்தாராம். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயர் எதுவானாலும், அவரவர் தினமும் அதே பெயரில்தான் போட்டிருப்பதால் வேலையும் சுலபம்: அந்தப் பெயரைத் தட்டினால் அத்தனை சும்மா பில்லும் ஒரே கொத்தாக வந்து நிற்கும், ஒரே அழுத்தில் ஒதுக்கிவிடலாம். "எந்தப் பேரை எடுக்கலாம்னு மட்டும் படிவத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

நாற்பது பேர் எழுதினார்கள். பெயிண்ட்காரர் மட்டும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. மற்றவர்கள் சிரித்தபோதும் அவர் சிரிக்கவில்லை. படிவத்தை வெறுமையாக மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "உத்தமியா இருந்துட்டீங்க, சந்தோஷம். அந்த ஒரு ஆள் போனா மத்த நாப்பதும் ஆடும். திங்கக்கிழமை அவர் கையெழுத்தோட வாங்க. இல்லைன்னா வராதீங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பெயிண்ட்காரருக்கு இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் அவள் போனை அவர் எடுக்காதது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடை வாசலில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் டப்பாக்கள், நடுவில் கலர் கலக்குகிற மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பெயிண்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தார். அதில் கணக்கு ஒன்றும் இல்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது.

"அண்ணே, திட்டணும்னா திட்டிடுங்க," என்றாள் அக்கா. "வேற கம்பெனிக்குப் போறதா இருந்தாலும் போங்க. ஆனா இந்த சும்மா பில்லை எடுத்தப்புறம் போங்க, இல்லைன்னா அங்கேயும் மாறாது. நான் செஞ்ச தப்பு, நானே சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

"யாரு வேற கம்பெனிக்குப் போறா?" என்று அவர் சிடுசிடுத்தார். "வந்தவனை ரெண்டு தடவையும் விரட்டியாச்சு."

"அப்போ ஏன் எழுதலை?"

அவர் எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, டப்பாக்களை அடுக்குகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன அந்த டப்பாக்கள்.

அக்கா உட்கார்ந்து, பூஜ்ஜிய பில்களைத் தேடச் சொல்லித் தட்டினாள். ஒரே ஒரு பெயர் வந்தது: 'மகராசி'. மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு பில்கள். யாரது மகராசி? வீட்டம்மாவா, மகளா? விவரத்தைத் திறந்தாள். போன் நம்பர் இல்லாமல் பழைய சாஃப்ட்வேர் எந்த வாடிக்கையாளரையும் சேர்க்காது. அதனால் அங்கே ஒரு நம்பர் இருந்தது. கடைசி நான்கு எண்ணைப் பார்த்ததும் அக்கா மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

அது அவளுடைய நம்பர்.

"அன்னிக்கு எட்டுப் பேர் நின்னாங்கம்மா," என்றார் பெயிண்ட்காரர், டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே. "கடை போட்டு ஆறு மாசம். கடன்காரன் வேற உட்கார்ந்திருக்கான். மானம் போச்சுன்னு நினைச்சேன். நீ சொன்னதும் பில் வந்துச்சு. வாயார மகராசி, நல்லா இருன்னு சொன்னேன். கையும் அதையே அடிச்சிடுச்சு. அப்புறம் தினம் அதுதான். அதைப் போய் ஹால்ல, அத்தனை பேருக்கு நடுவுல எப்படிம்மா எழுதறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க? நீதான் என்ன நினைப்ப?"

அக்காவுக்கு இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பெயிண்ட்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இதைத்தான் மறைச்சீங்களா? நான் ரெண்டு நாளா செத்துப் பொழைச்சேன் அண்ணே!"

"நான் மட்டும் என்னவாம்? போனை எடுத்தா கேட்டுடுவியேன்னு பயந்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்." படிவத்தை வாங்கி, பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, "அதை நீயே எடுத்துடும்மா. என் கையால வேண்டாம்" என்றார்.

அக்கா ஒரு தடவை அந்த நீளப் பட்டியலை மேலிருந்து கீழே வரை ஓட்டிப் பார்த்தாள். மழை நாள், திருமண நாள், உடம்பு சரியில்லாத நாள், அவள் லீவு போட்ட நாள், வேலையை விட்டுவிடலாமா என்று அழுத நாள், எல்லா நாளிலும் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் அவளை நல்லா இரு என்று சொல்லிவிட்டுத்தான் கடையை ஆரம்பித்திருக்கிறார். அவள் பட்டனை அழுத்தினாள். பட்டியல் காலியானது. கால் மணி நேரத்தில், எங்கேயும் நிற்காமல், கணக்கு முழுவதும் புதியதற்கு மாறிவிட்டது.

அலுவலகத்துக்குப் போன் செய்து, கையெழுத்தும் ஆச்சு, மாற்றமும் ஆச்சு என்றாள். மறுமுனையில் முதலாளி விட்ட பெருமூச்சு பெயிண்ட்காரருக்கே கேட்டது. "சாப்பிட்டுட்டு நிதானமா வாங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் முதலாளி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெயிண்ட்காரர்.

"என்ன அண்ணே, பில் வரலையா?"

"வருதே, நல்லா வருது," என்றார். "கடையைத் திறந்துட்டேன். அதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கியாம்மா?"